மீன் கூடையும் மலீதா தட்டும்

தை மாதப் பௌர்ணமிக்கு ஆடலூரில் எங்கள் வீட்டில் அவல் நனைப்பது நான்கு வருடமாக நடக்கிறது. முதல் வருடம் அம்மா, "இது எந்தச் சாமிக்குடி?" என்று கேட்டாள். "சாமிக்கு இல்லம்மா, மரத்துக்கு வருசப் பொறப்பு" என்றேன். "மரத்துக்குமா!" என்று சிரித்துவிட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்தாள். கீழே ஒட்டன்சத்திரம் சாலையில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களின் கூட்டம். மலைமேல் காப்பிப் பழம் பறிப்பு முடிகிற நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்து, பூமழைக்கு இன்னும் நாள் இருக்கும் இடைவெளி அது. மரங்களுக்கு ஒரு வருடக் கணக்கை முடிக்க வேண்டும் என்றால் இதைவிடச் சரியான நாள் எங்கள் ஊரிலும் கிடைக்காது.

யூதர்களின் புத்தாண்டு என்றால் பலரும் அறிந்தது ரோஷ் ஹஷானா. செப்டம்பர், அக்டோபரில் வரும். ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிடுவார்கள். ஆனால் கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு நான்கு புத்தாண்டுகளைச் சொல்கிறது. அரசர்களின் ஆட்சிக்காலத்தையும் திருநாள்களையும் எண்ணுவதற்கு நிசான் மாதத்தின் முதல் நாள். கால்நடைகளில் பத்தில் ஒன்றைக் காணிக்கையாகப் பிரிப்பதற்கு எலுல் முதல் நாள். ஆண்டுகளை எண்ணுவதற்குத் திஷ்ரி முதல் நாள். ரோஷ் ஹஷானா அதுதான். நான்காவது, மரங்களுக்கு. அது ஷெவாத் மாதத்தில் வரும். ஷம்மாய் வழியினர் மாதத்தின் முதல் நாள் என்றார்கள், ஹில்லேல் வழியினர் பதினைந்தாம் நாள் என்றார்கள். பதினைந்து நிலைத்தது. அவர்களின் மாதம் அமாவாசைக்குப் பின் பிறை தோன்றத் தொடங்குவதால் பதினைந்து என்றால் பௌர்ணமி. அதனால் மரங்களின் புத்தாண்டும் தைப்பூசமும் பல வருடங்கள் ஒட்டி ஒட்டியே வருகின்றன. 2024இல் இரண்டும் ஒரே நாள், ஜனவரி 25.

நாளின் பெயர் தூ பிஷ்வாத். இந்தத் 'தூ'வில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி இருக்கிறது. எபிரேயத்தில் எழுத்துகளே எண்களாகவும் நிற்கும். பதினைந்தைப் பத்து, ஐந்து என்று எழுதினால் அது கடவுளின் பெயரின் தொடக்கமாகிவிடும். பெயரைச் சொல்லக் கூடாது. ஆகவே ஒன்பது, ஆறு என்று எழுதுகிறார்கள். அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்து வாசித்தால் தூ. இதைப் படித்ததும் எனக்கு அம்மாச்சியின் நினைவு வந்தது. தாத்தா பெயர் பழனிச்சாமி. அம்மாச்சி வாயால் 'பழனி' என்ற சொல் ஒருநாளும் வந்ததில்லை. 'மலைக்கோயிலு' என்பாள். பேருந்தில் நடத்துநர் "எங்க போகணும் பாட்டி?" என்று கேட்டால் என்னை இடித்து, "சொல்லுடி" என்பாள். சீட்டு வாங்கித் தருவதற்காகவே என்னைக் கூட்டிப் போனாளோ என்று பின்னாளில் தோன்றியிருக்கிறது. அங்கே கடவுளுக்காக எண்ணைச் சுற்றிப் போனார்கள். இங்கே புருஷனுக்காக ஊரையே சுற்றிப் போக வேண்டியிருந்தது.

தொடக்கத்தில் தூ பிஷ்வாத் திருநாளே இல்லை. அது வரிக்கணக்கின் தேதி. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைப் பிரித்து வைக்க வேண்டும். போன வருடப் பழத்தை இந்த வருடப் பழத்தோடு கலந்து கணக்குக் காட்டக் கூடாது. அப்படியானால் எந்தப் பழம் எந்த வருடத்தது? அதற்கு ஒரு கோடு கிழிக்க வேண்டியிருந்தது. ஆண்டின் பெரும்பகுதி மழை அதற்குள் பெய்து முடிந்திருக்கும் என்பதே அந்த நாளைத் தேர்ந்ததற்குத் தல்முத் சொல்லும் காரணம். அந்த மழையைக் குடித்துக் காய்ப்பது புது வருடக் கணக்கு. இன்னொரு விதியும் உண்டு: நட்ட மரத்தின் பழத்தை முதல் மூன்று வருடம் தொடக் கூடாது, நான்காம் வருடப் பழம் காணிக்கை, ஐந்தாம் வருடம் முதல் சாப்பிடலாம். மரத்தின் வயதை எண்ணவும் ஒரு தேதி வேண்டுமே.

தமிழ்நாட்டில் இதற்கு நிகரானது பசலி. ஜூலை 1இல் பிறந்து ஜூன் 30இல் முடியும் வருவாய் ஆண்டு. 2024 ஜூலையில் பிறந்தது பசலி 1434. யாரும் பசலிப் பிறப்புக்குப் பாயசம் வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஜமாபந்திக்கு மனு எழுதிக்கொண்டு தாலுகா அலுவலகத்தில் காத்திருப்பதோடு சரி. ஆனால் அந்த யூதர்களின் பசலி மட்டும் எப்படியோ உணவாகிவிட்டது. கோயில் இடிந்து, நிலம் போய், வரி கட்ட இடமில்லாமல் போன பிறகும் தேதி பிழைத்திருந்தது. 16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் மலையூரான சஃபேத்தில் வாழ்ந்த கபாலா ஞானிகளின் மரபில் அந்த நாள் புது உருக் கொண்டது. வரிசையாகப் பழம் உண்டு, நான்கு கிண்ணம் திராட்சை ரசம் குடிக்கும் சடங்கு அந்த மரபிலிருந்து வந்தது. அதற்கான நூல் 1728இல் வெனிஸில் அச்சேறியது. முதல் கிண்ணம் வெள்ளை, பிறகு சிவப்புக் கூடிக்கொண்டே போய்க் கடைசிக் கிண்ணம் சிவப்பு. பழங்களையும் மூன்றாகப் பிரித்தார்கள்: ஓடோ தடித்த தோலோ உள்ளவை, உள்ளே கொட்டை உள்ளவை, முழுதாகத் தின்னக்கூடியவை. பாதாமும் மாதுளையும் முதல் வகை. பேரீச்சை, ஒலிவம் இரண்டாவது. அத்தி, திராட்சை மூன்றாவது. எழுதியவர்கள் ஆண்கள், ஓதியவர்கள் ஆண்கள். கொட்டை எது, தோல் எது என்று பிரித்துத் தட்டில் வைத்தது யார் என்பதை நூல்கள் எழுதவில்லை. எழுதித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

நான் இந்த நாளைச் சஃபேத்திலிருந்து கற்கவில்லை. வேலைக்காகப் போய் ஆறு வருடம் தானேயில் குடியிருந்தேன். மாடி வீட்டில் ஒரு மூதாட்டி. எல்லோருக்கும் அவர் ஆயி, மராத்தியில் அம்மா. முதல் ஜனவரியில் அவர் கதவைத் தட்டி ஒரு தட்டு நீட்டினார். தேங்காயும் சர்க்கரையும் ஏலமும் கலந்த அவல், மேலே முந்திரி, உலர்திராட்சை, சுற்றிலும் பழத்துண்டுகள். எங்கள் கிருஷ்ண ஜெயந்தி அவலேதான். "எலியாஹு ஹன்னாபியின் உரூஸ்" என்றார். எலியாஹு என்பது எபிரேயத் தீர்க்கதரிசி எலியா. உரூஸ் என்பது தர்காவில் கேட்ட சொல். சொன்னவர் மராத்தி பேசும் யூதர். தட்டில் இருந்ததன் பெயர் மலீதா; பிசைதல் என்று பொருள்படும் பாரசீகச் சொல் அது. தர்காவில் ஃபாத்திஹா ஓதித் தரும் மலீதாவும் அந்தச் சொல்லே. ஒரு தட்டில் இத்தனை ஊர் எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்டேன். ஆயி, "முதலில் சாப்பிடு" என்றார்.

ஆயி பெனே இஸ்ரேல் சமூகத்தவர். கொங்கணக் கரையில், அலிபாக் பக்கம் நவ்காவ் அருகே கப்பல் உடைந்து கரையேறிய ஏழு ஆண்கள், ஏழு பெண்களின் வழி வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் கதை. நூல்கள் கடலோடு போயின. ஊர்களில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை செக்கு ஓடாது. அதனால் 'சனிவார் தேலி', சனிக்கிழமை வாணியர், என்று பெயர். எலியா அவர்களுக்கு நெருக்கமானவர். அலிபாக் அருகே கண்டாலா என்ற சிற்றூரில் ஒரு பாறை இருக்கிறது. எலியா வானேறிப் போகும் வழியில் அங்கே இறங்கினார், பாறையில் இருப்பது அவருடைய தேர்த்தடம் என்று நம்புகிறார்கள். தூ பிஷ்வாத்தில் அங்கே போய் மலீதா வைத்து வேண்டுகிறார்கள். மலீதா அந்த ஒரு நாளுக்கு மட்டும் உரியதில்லை. கல்யாணத்துக்கு முன், பிள்ளை பிறந்தபின், வீடு குடிபுகும்போது, வேண்டுதல் பலித்தால், எல்லாவற்றுக்கும் மலீதா. உலகத்து மற்ற யூதர்களிடம் இது கிடையாது.

பெனே இஸ்ரேலின் ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் 19ஆம் நூற்றாண்டின் முடிவில் தம் மக்களின் வரலாற்றை எழுதினார். அது 1937இல்தான் அச்சானது. அந்த மரபில் பதிவான பழைய திருநாள் பெயர்களை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எபிரேயப் பெயர்கள் மறந்துபோன காலத்தில் மராத்தியில் அவர்கள் வைத்திருந்த பெயர்கள் அவை. ஒன்று கீரிச்சா சண், பாயசத் திருநாள். உலகமெங்கும் யூதர்கள் பாஸ்கா என்று கொண்டாடுவது இவர்களுக்கு அனாஷி டாகாச்சா சண். புளிப்புச் சாறு வைக்கும் சாடியை மூடிவைக்கும் திருநாள். எருசலேம் கோயில் இடிந்த துக்கநாளின் பெயர் பிர்டியாச்சா சண். பிர்டா என்றால் மொச்சைக் குழம்பு. பாவமன்னிப்பு நாளுக்கு மறுநாள் ஷிளா சண். ஷிளா என்றால் பழையது. நம் வீட்டில் காலையில் மோர் ஊற்றிக் குடிக்கிறோமே, அந்தப் பழையதுதான்.

பாயசம், புளிச்சாடி, மொச்சை, பழையது. விடுதலையின் கதை மறந்துவிட்டது, சாடியை மூட வேண்டும் என்பது மறக்கவில்லை. கோயில் இடிந்தது தெரியாது, இன்று மொச்சை மட்டும்தான் என்பது தெரியும். நூல் தெரிந்த ஆண்களின் நினைவு கடலில் போனபின் ஒரு சமூகத்தின் நாட்காட்டி அடுப்படியில் இருந்திருக்கிறது. இந்தப் பெயர்களைப் பெண்கள்தாம் வைத்தார்கள் என்பதற்குச் சாசனம் ஏதும் இல்லை. சாடியை மூடியது யார் கை என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இதையே அவர்களுடைய இன்னொரு கதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது. தாவீது ரஹாபி என்ற யூதர் கொங்கணத்துக்கு வருகிறார். சனிக்கிழமை செக்கு ஓட்டாதவர்களைப் பார்த்து, இவர்கள் நம்மவர்களோ என்று ஐயம். சோதிக்க நினைக்கிறார். என்ன கேட்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? வேதம் கேட்கவில்லை. ஒரு கூடை மீனை வாங்கிப் பெண்களிடம் கொடுத்துச் சமைக்கச் சொல்கிறார். பெண்கள் செதிலும் துடுப்பும் உள்ள மீனை ஒருபுறம் எடுத்து வைத்து, மற்றவற்றை நாங்கள் தின்பதில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வேத விதி அதுவே. ரஹாபிக்கு ஐயம் தீர்ந்தது. உடனே அவர் என்ன செய்தார்? மூன்று ஆண்களைத் தேர்ந்தெடுத்து எபிரேயம் கற்பித்துக் 'காஜி' பதவி கொடுத்தார். அந்தப் பதவி அவர்கள் குடும்பத்து ஆண்களுக்கு வழிவழியாக வந்தது.

ரஹாபியின் காலம் பற்றிச் சண்டை உண்டு. சமூகத்தின் கதை அவரைப் பல நூற்றாண்டு பின்னே கொண்டுபோகிறது. வரலாற்றாய்வாளர் பலர் அவரை 18ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனியோடு வணிகம் செய்த கொச்சி ரஹாபி குடும்பத்தோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். எனக்குக் காலத்தைவிட அந்தக் கூடைமேல்தான் கண். தேர்வு எழுதியது பெண்கள், பட்டம் வாங்கியது ஆண்கள் என்பதை மறைக்காமல், மறைக்கவேண்டும் என்று தோன்றாமலே, தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். மும்பையின் முதல் பெனே இஸ்ரேல் ஜெப ஆலயத்தை 1796இல் கட்டிய சாமுவேல் எசேக்கியேல் திவேகர் பற்றிய கதையும் இப்படித்தான். திப்பு சுல்தானிடம் சிறைப்பட்ட அவரை, குர்ஆனில் சொல்லப்பட்ட பனீ இஸ்ராயீல் இவர்தானா என்று திப்புவின் தாய் பரிந்து பேசி விடுவித்ததாகச் சொல்வார்கள். ஆலயத்துக்கு அவர் பெயரால் தெரு இருக்கிறது. அந்தத் தாய்க்குக் கதையில் பெயர்கூட இல்லை.

அடுத்தது கதை இல்லை, பதிவான வரலாறு. 1948க்குப் பின் பெனே இஸ்ரேல் மக்கள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே 1960களின் தொடக்கத்தில் மதத் தலைமைக் குருபீடம் ஓர் அறிவுறுத்தல் விடுத்தது: பெனே இஸ்ரேல் ஒருவர் மற்ற யூதரை மணக்க வந்தால், அவருடைய தாய், தாயின் தாய் என்று எவ்வளவு பின்னே போகமுடியுமோ அவ்வளவு விசாரிக்க வேண்டும். யூதராவது தாய்வழியே. முன் தலைமுறைப் பெண் எவளாவது முறைப்படி விவாகரத்துப் பெறாமல் மறுமணம் செய்திருந்தால், அவள் வழி வந்தவர்களுக்குக் களங்கம். கூடையில் மீனைப் பிரித்துச் சமூகத்தை அடையாளம் காட்டிக் கொடுத்தவர்களின் பேத்திகள், இப்போது தங்கள் பாட்டிகளின் கருப்பைக்குச் சாட்சி தேட வேண்டியதாயிற்று. ஆயியின் அக்கா அந்த நாள்களில் அங்கே இருந்திருக்கிறார். "அம்மாவுக்கு அம்மா பேர் சொல்லு, அவளுக்கு அம்மா பேர் சொல்லு என்றார்களாம். ஆறாவது பேருக்கு எங்கே போவாள்?" என்றார் ஆயி. எருசலேமில் மக்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். 1964 ஆகஸ்டில் பாராளுமன்றம் கூடி, இவர்கள் எல்லா வகையிலும் யூதர்களே என்று அறிவித்தது. குருபீடமும் அறிவுறுத்தலைத் திருத்தியது.

இவ்வளவையும் எழுதிவிட்டு, அடுப்படி தூய்மையான இடம் என்று நிறுத்திக்கொள்ள எனக்கு ஆசைதான். முடியாது. பெனே இஸ்ரேல் சமூகத்துக்குள்ளேயே 'கோரா' என்றும் 'காலா' என்றும் பிரிவு இருந்தது. வெள்ளை, கறுப்பு. வேற்றினத்துப் பெண்களுக்குப் பிறந்தவர்களின் வழியினர் காலா. கோராக்கள் அவர்களோடு கல்யாண உறவு வைப்பதில்லை. சமையல் பாத்திரத்தை அவர்கள் தொட விடுவதில்லை. கொங்கணத்துச் சாதியைக் கொங்கணத்து மொச்சையைப் போலவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். பாத்திரத்தைத் தொடாதே என்று சொல்லும் அதிகாரம் யாருடையது? பாத்திரம் யார் கையில் இருந்ததோ அவளுடையது. நாட்காட்டியைக் காத்த அதே கை.

இதை ஆயியின் வீட்டில் உட்கார்ந்து கேட்டபோது எனக்கு எங்கள் பின்கட்டு நினைவுக்கு வந்தது. காப்பிப் பழம் பறிக்க வரும் பெண்களுக்கு எங்கள் வீட்டில் கருப்பட்டிக் காப்பி உண்டு. அம்மாச்சி அதில் கஞ்சத்தனம் பார்க்க மாட்டாள், பால்கூட ஊற்றுவாள். ஆனால் டம்ளர் தனி. விளிம்பு நசுங்கிய நான்கு அலுமினிய டம்ளர்கள் மாட்டுத் தொழுவத்து ஓட்டில் செருகியிருக்கும். குடித்துவிட்டுக் கழுவிச் செருகிவிட்டுப் போவார்கள். நான் ஒருமுறை அதில் தண்ணீர் குடித்துவிட்டு முதுகில் வாங்கிய அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. 'பழனி' என்று சொல்ல வாயில்லாத அம்மாச்சிக்கு 'தொடாதே' என்று சொல்ல வாய் இருந்தது.

அதே அம்மாச்சிதான் எங்கள் காட்டின் மேல்மூலையில் இருக்கும் மூன்று பலாவையும், கீழே வரிசையாக நின்ற கமலா ஆரஞ்சையும் வைத்தவள். கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள் என்பார்கள். மலைவாழையில் முடிக்கொத்து நோய் விழுந்து இந்தப் பக்கத்துத் தோட்டங்களெல்லாம் அழிந்த வருடங்களில், பலாவும் மிளகும்தான் குடும்பத்தைத் தாங்கின. அடங்கலில் அந்த மரங்கள் தாத்தா பெயரில் இருந்தன. அவருக்குப் பின் மாமாக்கள் பெயருக்குப் போயின. மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் வந்தது. அதற்கு முன்பே கல்யாணம் ஆன பெண்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. அம்மா கல்யாணம் ஆனவள். 2005இல் மத்தியச் சட்டம் அந்தத் தடையை நீக்கியபோது பாகப்பிரிவினை பதிவாகி வருடங்கள் ஆகியிருந்தன. வீடு மட்டும் அம்மாவுக்கு என்று வாய்ப்பேச்சு. இன்றும் நாங்கள் அந்தப் பலாவில் ஒரு காய் இறக்கினால் மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் இறக்குகிறோம். மரத்துக்குப் புத்தாண்டு என்று அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரித்ததன் பின்னால் இது இருந்திருக்கும்.

மரம் நடுவதும் எப்போதும் வெள்ளந்தியான காரியமாக இருந்ததில்லை. 1890இல் ஸிக்ரோன் யாகோவ் என்ற குடியேற்றத்தில் ஆசிரியர் ஒருவர் தூ பிஷ்வாத் அன்று மாணவர்களைக் கூட்டிப்போய்க் கன்று நட்டார். அதிலிருந்து அது மரம் நடும் நாள் ஆயிற்று. பின்னர் யூத தேசிய நிதியம் கோடிக்கணக்கில் மரம் நட்டது. அவற்றில் சில காடுகள், 1948இலும் 1967இலும் ஆள் வெளியேற்றப்பட்ட பாலஸ்தீன ஊர்களின் இடிபாட்டின்மேல் வளர்ந்தவை. இம்வாஸ், யாலூ என்ற ஊர்கள் இருந்த இடத்தில் இன்று கனடா பூங்கா நிற்கிறது. பசுமையாகத்தான் இருக்கும். கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூர்ப் பக்கம் போகிறவர்கள் அழகு என்று படம் எடுக்கும் பைனும் வாட்டிலும் யூகலிப்டஸும், புல்வெளியை விழுங்கிக்கொண்டு வனத்துறை நட்டவை. பளியர்கள் நடந்த காடுகளுக்கு வேலியும் வந்தது. ஒரு செய்தி மட்டும் எனக்கு ஆறுதல்: 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி கொடுக்கும் உரிமைப் பட்டாவில் கணவன், மனைவி இருவர் பெயரும் சேர்ந்தே இருக்க வேண்டும். காட்டை ஒட்டியிருக்கும் பட்டா நிலத்துக்கு அந்த விதி இல்லை. பளிச்சிக்கு உள்ள உரிமை என் அம்மாச்சிக்கு இருந்ததில்லை என்று நான் சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். அந்த உரிமையும் காகிதத்தில் இருக்கும் அளவுக்குக் கைக்கு வந்து சேரவில்லை என்பது வேறு.

மலீதாவுக்கு வருகிறேன். எஸ்தர் டேவிட் என்ற அகமதாபாத்து பெனே இஸ்ரேல் எழுத்தாளர், 'புக் ஆஃப் ரேச்சல்' நாவலுக்கு 2010இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். அதில் வயதான விதவை ஒருத்தி அலிபாக் கரையில் தனியே வாழ்ந்து, ஆள் இல்லாத ஜெப ஆலயத்தைக் கூட்டித் துடைத்து, அதை விற்க வருகிறவர்களோடு மல்லுக்கு நிற்கிறாள். ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையிலும் ஒரு சமையல் குறிப்பு இருக்கும். ஆயி அதைப் படித்ததில்லை. "சமையல் குறிப்பை யார் எழுதிவைப்பார்கள், கைதான் சொல்லும்" என்பார். அவர் கை சொன்னது இவ்வளவு: அவலைக் கழுவி உடனே வடிக்க வேண்டும், ஊறவிட்டால் களியாகும். தேங்காயை அப்போதே துருவ வேண்டும். ஏலத்தோடு ஒரு சிட்டிகை ஜாதிக்காய். சுற்றி ஐந்து பழம். மணத்துக்கு ஒரு ரோஜாவோ திருநீற்றுப்பச்சைத் தழையோ, ஏனென்றால் மணத்துக்கும் ஒரு வாழ்த்து உண்டு.

ஐந்து பழத்தில் வாழை உண்டு. ஆனால் வாழைக்கு மரத்தின் வாழ்த்துக் கிடையாது. பேரீச்சையையும் ஆரஞ்சையும் எடுத்தால் 'மரத்தின் கனியைப் படைத்தவன்' என்று வாழ்த்துவார்கள்; வாழையை எடுத்தால் 'மண்ணின் கனியைப் படைத்தவன்'. வாழைக்குக் கட்டைத் தண்டு இல்லை, குலை தள்ளியதும் செத்துப் பக்கக் கன்று எழும்புகிறது, ஆகவே மரமில்லை என்பது ரபிகளின் வாதம். தொல்காப்பியத்தின் மரபியலும் இப்படி ஒரு கோடு கிழிக்கிறது: உள்ளே வைரம் பாய்ந்தது மரம், வெளியே வைரம் பாய்ந்தது புல். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல். ரபிகள் பேரீச்சையை மரம் என்கிறார்கள், தொல்காப்பியர் பேரீச்சையைப் பார்த்திருந்தால் புல் என்றிருப்பார். வாழையைப் பொறுத்தவரை இருதரப்பும் மரமில்லை என்று ஒத்துப்போகக்கூடும். மலைவாழை இல்லாமல் பழனிப் பஞ்சாமிர்தம் இல்லை. பேரீச்சையும் கற்கண்டும் நெய்யும் தேனும் நாட்டுச்சர்க்கரையும் அதற்குத் துணை. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. மரமென்று யாரும் ஒப்பாத ஒன்றின் முதுகில்தான் எங்கள் மலையின் பெருமை ஏறியிருக்கிறது. இதைச் சொன்னபோது அம்மா, "தாய் செத்தாத்தான் கன்னுக்கு வெளிச்சம். வாழைக்கு மட்டுமா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

எங்கள் மலீதாவில் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை. பாதாமுக்குப் பதில் வறுத்த பலாக்கொட்டையைப் பொடித்துப் போட்டேன், ஆயியிடம் தொலைபேசியில் சொன்னபோது மறுப்புச் சொல்லவில்லை. சுற்றிலும் மலைவாழை, கமலா ஆரஞ்சு, கொய்யா, பட்டர் ஃப்ரூட், ஒட்டன்சத்திரத்தில் வாங்கிய பேரீச்சை. எனக்கு எபிரேய வாழ்த்து எதுவும் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல உரிமை இல்லை. நான் யூதப் பெண் இல்லை. இது ஆயி தந்த தட்டைத் திருப்பித் தருவது, அவ்வளவுதான். வெறுந்தட்டைத் திருப்பக் கூடாது என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள்.

இந்த வருடம் கடைசிப் பறிப்பு முடிந்து கூலி வாங்க நான்கு பேர் வந்திருந்தார்கள். மூவர் என் வயது. ஒருவர் அம்மாச்சி காலத்திலிருந்தே வருகிற பெரியம்மா. தொழுவத்து ஓட்டில் கழுவிச் செருகிவிட்டுப் போனவர்களில் ஒருவர். அம்மா அவர்களை உள்ளே கூப்பிட்டாள். மூவரும் வந்தார்கள். பெரியம்மா வாசல்படியிலேயே நின்றார். "உள்ள வாங்க" என்று அம்மா இரண்டாம் தடவை கூப்பிட்டாள். "இங்கயே குடு தாயி, எனக்கு இது பழகின எடம்" என்றார். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். இருவரும் ஒரே தட்டில் எடுத்துச் சாப்பிட்டார்கள். என்ன விசேசம் என்று பெரியம்மா கேட்டார். அம்மா மேல்மூலைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அந்தப் பலாவா? உங்க அம்மா வச்சப்ப குழி வெட்டுனது நானும் எங்க ஆத்தாளும்" என்றார் பெரியம்மா. "கல்லுக் குழி. மூணு நாள் ஆச்சு."

அம்மாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. எனக்கும்தான்.